புகைமூட்டத்தின் வரலாறு: பெயர், அளவு, பொறுப்பு

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நாம் ஆண்டைப் பல காலங்களாகப் பகுத்துப் பேசுகிறோம். வடகிழக்குப் பருவக்காற்றின் மழைக்காலம் உண்டு. பழங்கள் மலியும் காலம் உண்டு. மாணவர்க்குத் தேர்வுக்காலம் உண்டு. அண்மைய நாற்பது ஆண்டுகளில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களைப் 'புகைமூட்டக் காலம்' என்று சொல்லப் பழகிவிட்டோம். மழையைப் போல அதுவும் வரும், சில நாள் இருக்கும், போய்விடும் என்ற எண்ணம் இவ்வழக்கில் ஒளிந்திருக்கிறது.

இந்த எண்ணத்தையே நாம் முதலில் ஆராய வேண்டும். பருவம் இயற்கையின் செயல். அதற்கு யாரும் பொறுப்பாக மாட்டார். புகை நெருப்பின் விளைவு. அந்த நெருப்பை யாரோ மூட்டினார்கள். அல்லது எளிதில் தீப்பற்றும்படி நிலத்தை யாரோ மாற்றிவைத்தார்கள். எனவே புகைமூட்டத்திற்கு வானிலைக் காரணங்களோடு ஒரு வரலாறும் இருக்கிறது. அவ்வரலாற்றைப் பெயர், அளவு, பொறுப்பு என்னும் மூன்று கோணங்களில் இவ்வுரையில் காண்போம். ஒரு தீங்குக்குச் சரியான பெயர் இட்டோமா, அதை அளந்து மக்களுக்கு அறிவித்தோமா, அதற்குரிய பொறுப்பை உரியவரிடம் சேர்த்தோமா என்பவையே நம் கேள்விகள்.

ஒரு சொல்லின் பின்னே

காற்று மாசின் வரலாற்றில் சொற்களுக்குத் தனி இடம் உண்டு. இலண்டன் மாநகரின் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்த காற்றைக் குறிக்க, 1905-ஆம் ஆண்டு மருத்துவர் ஒருவர் புகை, மூடுபனி என்னும் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை இணைத்து 'ஸ்மாக்' என்ற சொல்லைப் பரப்பினார். மூடுபனி மட்டும் என்றால் அது இயற்கை. புகையும் சேர்ந்தது என்றால் அதில் மனிதரின் கை உண்டு. ஆயினும் பெயர் பிறந்த பின்னரும் அந்நகரம் அரை நூற்றாண்டு காத்திருந்தது. 1952 டிசம்பரில் ஐந்து நாள் நீடித்த மூட்டத்தில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிடப்பட்டது; அந்த எண்ணிக்கை 12,000 வரை இருக்கலாம் எனப் பிற்கால ஆய்வு மதிப்பிட்டது. அதன் பிறகே 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

நம் வட்டாரத்தில் ஆங்கிலத்தில் வழங்கும் 'ஹேஸ்' என்னும் சொல் வானிலையாளர்களின் சொல். காற்றில் மிதக்கும் உலர்ந்த துகள்களால் பார்வை மங்குவதை அது குறிக்கும். எங்கோ எரிகிறது என்ற செய்தி அதில் இல்லை. மலாய்மொழியின் 'ஜெரெபு' என்பதும் அத்தகையதே. இந்தோனேசியாவில் 'காபுட் அசாப்' என்கிறார்கள். புகைப்பனி என்று பொருள். தீக்கு அருகில் வாழும் சுமத்ரா, கலிமந்தான் ஊரார் 'அசாப்' என்று மட்டும் சொல்வதும் உண்டு, அதாவது, புகை. நெருப்புக்கு அருகில் இருப்பவரின் சொல்லில் நெருப்பு இருக்கிறது. தொலைவு கூடக்கூடச் சொல் மென்மையாகிறது.

தமிழில் நாம் வழங்கும் 'புகைமூட்டம்' இவ்வகையில் நேர்மையான சொல். மேகமூட்டம் என்பதில் உள்ளது போல, மூட்டம் என்பது கவிந்து மூடியிருக்கும் நிலையைக் குறிக்கிறது. 'தீ மூட்டு' என்னும் வினையும் அதன் அருகிலேயே ஒலிக்கிறது. தமிழகத்தின் தென் மாவட்டங்களில் விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே தீ கனன்று கரியாகும்படி விடுவதைக் 'கரிமூட்டம்' என்பார்கள். அங்கே சுடர் தெரியாது. மேலே புகை மட்டும் எழும். தென்கிழக்காசியப் புகைமூட்டத்தின் நெருப்பும் பெரும்பாலும் இத்தகையதே என்பதைப் பின்னர்க் காண்போம்.

நெருப்பும் வேளாண்மையும்

காட்டை எரித்துப் பயிரிடுவது பழைமையான வழக்கம். சங்க இலக்கியம் காட்டும் குறிஞ்சி நில மக்கள் மரங்களை வெட்டி, உலர்ந்தபின் எரித்து, அந்தப் புனத்தில் தினை விதைத்தார்கள். மலாய்த் தீவுகளின் 'லாடாங்' வேளாண்மையும் அவ்வாறானதே. சாம்பல் மண்ணுக்கு உரமாகும். ஓரிரு விளைச்சலுக்குப் பின் அந்நிலத்தை விட்டு வேறிடம் செல்வார்கள். பல ஆண்டுகளில் அங்கு மீண்டும் காடு எழும். எரிக்கப்பட்ட நிலம் சிறிது, இடைவெளி நீண்டது. இத்தகைய நெருப்பு நாடுகளைக் கடந்து செல்லும் புகையாக வளரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அளவு மாறியது. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் சீன முதலாளிகள் காம்பியர், மிளகுத் தோட்டங்களுக்காகக் காடுகளை அழித்தார்கள். காம்பியர் இலையைக் காய்ச்ச விறகு தேவைப்பட்டதால் சுற்றியிருந்த மரங்களும் அடுப்பில் எரிந்தன. 1877-இல் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ரப்பரின் விலை ஏறியபோது, மலாயாவின் மேற்குக் கரையெங்கும் காடுகளை வெட்டி, உலரவிட்டு, தீயிட்டுத் தோட்டங்களை எழுப்பினார்கள். காடு திருத்தும் பணியில் பல இனத்தாரும் ஈடுபட்டனர். களை எடுத்தல், பால்மரம் வெட்டுதல், ரப்பர்த் தாள்களைப் புகைக்கூடத்தில் உலர்த்துதல் ஆகிய வேலைகளைத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பெருமளவில் செய்தார்கள். நம் முன்னோர் வாழ்ந்த தோட்டங்கள் ஒருகாலத்தில் எரிந்த காடுகளே.

செம்பனையின் கதையும் இதன் தொடர்ச்சி. கோலசிலாங்கூர் அருகே தென்னமாரம் தோட்டத்தில் 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது. மலேசிய விடுதலைக்குப் பின், ரப்பர் விலை சரிந்தபோது செம்பனை பரவியது. 1980-களிலிருந்து அதே பயிர் இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் விரைந்து பரவியது. இன்று உலகச் செம்பனை எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கும் மேலானதை இவ்விரு நாடுகளே உற்பத்தி செய்கின்றன. சுமத்ராவின் தோட்டங்களில் சிங்கப்பூர், மலேசிய முதலீடுகளும் உண்டு. அந்த எண்ணெய் சமையலிலும் சோப்பிலும் பிஸ்கட்டிலும் நம் வீட்டுக்குள் வருகிறது. ஆகவே கடலுக்கு அப்பால் விரல் நீட்டும்போது, இப்பொருளாதாரத்தின் ஒரு நுனி நம் கையிலும் இருக்கிறது என்பதை மறத்தலாகாது.

எரியும் மண்

தீயிட்டுக் காடு திருத்துவது எல்லா இடத்திலும் நடந்திருக்க, சுமத்ராவிலும் கலிமந்தானிலும் மட்டும் புகை இவ்வளவு பெருகியது ஏன்? விடை மண்ணில் இருக்கிறது. இத்தீவுகளின் தாழ்ந்த கரையோரங்களில் நீர் தேங்கிய சதுப்புக் காடுகள் உண்டு. அங்கு விழும் இலையும் கிளையும் வேரும் நீருக்குள் காற்றில்லாமல் கிடப்பதால் முழுமையாக மக்குவதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக அவை அடுக்கடுக்காகச் சேர்ந்து கறுத்த, பஞ்சுபோன்ற மண்ணாகின்றன. மலாயில் இதனைத் 'தானா காம்புட்' என்பார்கள். நாம் கரிச்சதுப்பு என்று அழைக்கலாம். சில இடங்களில் இதன் ஆழம் 10 மீட்டருக்கும் மேல். இதில் பெரும்பகுதி நீரே. நீர் நிறைந்திருக்கும்வரை அது எளிதில் எரியாது.

செம்பனைக்கும், காகிதக் கூழுக்கான அகேசியா மரத்துக்கும் தேங்கிய நீர் ஆகாது. எனவே வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கிறார்கள். நீர் வடிந்ததும் மண் சுருங்கித் தாழ்கிறது, உலர்கிறது, எரிபொருளாகிறது. மேலே மூட்டிய தீ உள்ளே இறங்கினால், சுடரின்றி வாரக்கணக்கில் கனன்றுகொண்டே பக்கவாட்டில் பரவுகிறது. ஓரிடத்தில் அணைத்தால் சற்றுத் தொலைவில் மீண்டும் கிளம்புகிறது. இயற்கை ஒரு மாபெரும் கரிமூட்டத்தைச் சேர்த்துவைத்தது. வாய்க்கால்கள் அதை எரிவதற்கு ஆயத்தமாக்கின. பெருமழை பெய்து நிலத்தடி நீர் உயரும்வரை அத்தீ முற்றிலும் அணைவதில்லை. குறைந்த வெப்பத்தில், போதிய காற்றின்றி எரிவதால் அது வெளியிடும் புகையும் நுண்துகளும் மிகுதி.

ஜூன் முதல் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று சுமத்ராவின் புகையைத் தீபகற்ப மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவருகிறது. கலிமந்தானின் புகை சரவாக்கை அடைகிறது. எல் நினோ ஆண்டுகளில் மழை தாமதமாகும்போது இந்நிலை மாதக்கணக்கில் நீள்கிறது.

வானூர்தி நிலையங்களின் சாட்சியம்

இங்கே ஒரு மறுப்பு எழலாம். வறட்சியே புகைக்குக் காரணம் என்றால், வறட்சி எக்காலத்தும் இருந்ததுதானே? இக்கேள்விக்கு அழகான விடையொன்றை வரலாற்று ஆவணங்கள் தருகின்றன.

வானூர்தி நிலையங்களின் வானிலைப் பணியாளர்கள், எவ்வளவு தொலைவு கண்ணுக்குத் தெரிகிறது என்பதை நாள்தோறும் குறித்துவைப்பது வழக்கம். விமானம் இறங்குவதற்காக எழுதிய குறிப்புகள் அவை. காற்று மாசை அளக்கும் கருவிகள் இல்லாத காலத்தில், அதே குறிப்புகள் புகையின் நாட்குறிப்பும் ஆகின்றன. 1960-ஆம் ஆண்டு முதலான இத்தகைய குறிப்புகளை ஆராய்ந்த ஒரு குழுவினர் 2009-இல் தம் முடிவை வெளியிட்டனர். சுமத்ராவில் 1960-களிலேயே வறண்ட ஆண்டுகளில் பெரும்புகை இருந்தது. கலிமந்தானிலோ 1980-களுக்கு முன் கடும் வறட்சி வந்தபோதும் அத்தகைய பெரும்புகை எழவில்லை. அதன் பின்னரே வறட்சி தோறும் புகை எழுந்தது. சுமத்ராவில் மக்கள் குடியேற்றமும் தோட்டங்களும் முன்னரே பரவியிருந்தன. கலிமந்தானில் அரசின் குடியேற்றத் திட்டமும் காடு திருத்தலும் 1980-களில் தீவிரமடைந்தன.

ஒரே வானத்தின்கீழ், ஒரே வறட்சியில் இரண்டு தீவுகள் இரு வேறு விதமாக நடந்துகொண்டன. வேறுபாடு நிலத்தைப் பயன்படுத்திய முறையில் இருந்தது. வறட்சி பழையது, கலிமந்தானின் பெரும்புகை புதியது. வானிலை மட்டுமே காரணம் என்ற வாதத்தை எவர் பெயரும் அறியாத பணியாளர்களின் அன்றாடக் குறிப்புகளே தகர்த்துவிட்டன. 1982-83-ஆம் ஆண்டுகளின் எல் நினோ வறட்சியில் கிழக்குக் கலிமந்தானில் 30 இலட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் எரிந்தது. அது வரவிருந்ததற்கு ஒரு முன்னறிவிப்பு.

1997

அந்த முன்னறிவிப்பை எவரும் பொருட்படுத்தவில்லை. இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ 1995-இன் இறுதியில் மத்தியக் கலிமந்தானில் 10 இலட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்கும் திட்டத்துக்கு ஆணையிட்டார். நீரை ஒழுங்குபடுத்த 4,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. எதிர்பார்த்த நெல் விளையவில்லை. உலர்ந்த கரிச்சதுப்பு மட்டும் எஞ்சியது. சில ஆண்டுகளிலேயே திட்டம் கைவிடப்பட்டது; வாய்க்கால்கள் அப்படியே இருந்தன. 1997-இல் நூற்றாண்டின் மிகக் கடுமையான எல் நினோக்களுள் ஒன்று வந்தபோது, அந்நிலம் எரிவதற்கு ஆயத்தமாக இருந்தது.

1997-98-ஆம் ஆண்டுகளில் இந்தோனேசியாவில் ஏறத்தாழ 97 இலட்சம் ஹெக்டேர் எரிந்ததாக மதிப்பிடப்பட்டது. 1997 செப்டம்பர் 18 அன்று சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 226 ஆனது. மறுநாள் சரவாக்கில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் குறியீடு 800-ஐயும் கடந்தது. 300-க்கு மேற்பட்டாலே அபாயகரமான நிலை என்பது அளவு. பள்ளிகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. செப்டம்பர் 26 அன்று மேடான் அருகே புகை சூழ்ந்த வானில் கருடா விமானம் ஒன்று மலையில் மோதி 234 பேர் உயிரிழந்தனர். வழிகாட்டலில் நேர்ந்த திசைக் குழப்பமும் அவ்விபத்தில் பங்கு வகித்தது. மலேசியா 1,000-க்கும் மேற்பட்ட தீயணைப்பாளர்களைச் சுமத்ராவுக்கு அனுப்பியது. சுகார்த்தோ அண்டை நாடுகளிடம் வருத்தம் தெரிவித்தார்.

அந்த ஆண்டில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதுவரை பழி பெரும்பாலும் சிறு விவசாயிகள் மீதே விழுந்தது. செயற்கைக்கோள் படங்களில் தீப்புள்ளிகள் எங்கெங்கு உள்ளன என்று பார்த்தபோது, பல புள்ளிகள் பெருந்தோட்டங்களின் எல்லைக்குள் இருந்தன. 1997 செப்டம்பரில் இந்தோனேசிய அரசே 176 நிறுவனங்களைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்து வெளியிட்டது. வானிலிருந்து பார்த்த கண், தரையில் மறைக்கப்பட்டதை வெளிப்படுத்தியது.

அந்தத் தீ வானில் கலந்த கரிமமும் சிறிதன்று. 1997-இல் இந்தோனேசியக் கரிச்சதுப்பும் அதன்மேல் இருந்த காடும் எரிந்து வெளியிட்ட கரிமம் 81 கோடி டன் முதல் 257 கோடி டன் வரை இருக்கலாம் என 2002-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து ஓராண்டில் வெளியிட்டதன் 13 முதல் 40 விழுக்காட்டுக்கு அது சமம். பல்லாயிரம் ஆண்டுகள் நீருக்கடியில் சேமித்ததைச் சில மாதங்கள் செலவழித்துவிட்டன. ஓராங் ஊத்தான் போன்ற உயிர்களின் வாழிடமும் அதோடு சாம்பலானது. எரிந்து தாழ்ந்த சதுப்பு நிலம் மழைக்காலத்தில் வெள்ளக்காடாகிறது. வறண்ட காலத்தில் மீண்டும் எரிகிறது.

எண்களும் மௌனமும்

காற்றைக் காக்க முதலில் அதனை அளக்க வேண்டும். அளந்ததை மக்களுக்குச் சொல்லவும் வேண்டும். சிங்கப்பூர் 1970-இலேயே பிரதமர் அலுவலகத்தின்கீழ்த் தூய்மைக்கேட்டுத் தடுப்புப் பிரிவை நிறுவி, 1971-இல் தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது. மலேசியா 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை இயற்றியது. ஆலைகளும் வாகனங்களும் வெளியிடும் புகையைக் கட்டுப்படுத்த இச்சட்டங்கள் பயன்பட்டன. எல்லை கடந்து வரும் புகைக்கு அவை எட்டவில்லை.

எண்களை அறிவிப்பதில் தயக்கமும் இருந்தது. 1997 நவம்பரில் மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புகைமூட்டம் பற்றிப் பொதுவில் கருத்துரைக்கக் கூடாது என அறிவுறுத்தப்பட்டனர். 1999 முதல் காற்று மாசுக் குறியீட்டின் எண்கள் பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. சுற்றுலாத் துறை பாதிக்கப்படும் என்பது காரணமாகக் கூறப்பட்டது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500-ஐக் கடந்து, ஆகஸ்ட் 11 அன்று நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அப்போதுதான் எண்கள் மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தன. மலாயாவின் முதல் செம்பனைத் தோட்டம் எழுந்த அதே வட்டாரத்தில் அந்நெருக்கடி நேர்ந்தது என்பதை நாம் கவனிக்கலாம். எண்ணை மறைத்தால் புகை குறைவதில்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளையை இன்று திடலுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இருந்த ஒரே வழியே அடைபடுகிறது.

எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம். தொடக்கத்தில் குறியீடுகள் 10 மைக்ரோமீட்டர் அளவுவரையிலான துகள்களையே கணக்கில் கொண்டன. உடலுக்கு மிகுந்த தீங்கு செய்வன 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள். 'பி.எம். 2.5' எனப்படும் இவற்றைத் தலைமுடியோடு ஒப்பிட்டால், முடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு அளவே இருக்கும். சிங்கப்பூர் 2014 ஏப்ரலிலும் மலேசியா 2018 ஆகஸ்டிலும் இவற்றைக் குறியீட்டுக் கணக்கில் சேர்த்தன. இதற்கிடையே 2013 ஜூன் 21 நண்பகலில் சிங்கப்பூரின் மூன்று மணிநேரக் குறியீடு 401-ஐத் தொட்டது. இரண்டு நாளில் ஜொகூரின் மூவாரில் 746 பதிவாகி, மூவாரிலும் லேடாங்கிலும் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அளவுகோல் திருந்துவதற்கு இத்தகைய நாள்கள் தேவைப்பட்டன.

உடலில் எழுதப்பட்ட வரலாறு

நுண்துகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்குவதில்லை. நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று, மிகச் சிறியவை குருதியிலும் கலக்கின்றன. கண்ணெரிச்சல், இருமல், மூச்சுத்திணறல் ஆகியவை உடனே தெரிவன. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை 2013-இல் வெளிப்புறக் காற்று மாசைப் புற்றுநோய்க் காரணிகளுள் முதல் பிரிவில் சேர்த்தது. 2021-இல் அந்நிறுவனம் நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என வரையறுத்தது.

புகையால் இறந்தவரின் இறப்புச் சான்றிதழில் புகை என்று எழுதப்படுவதில்லை; இதயநோய் என்றோ நிமோனியா என்றோ எழுதப்படுகிறது. அவ்வாறிருக்க, இழப்பை எப்படி எண்ணுவது? பொருளியல் அறிஞர் சீமா ஜெயச்சந்திரன் 2000-ஆம் ஆண்டின் இந்தோனேசிய மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொண்டார். 1997-இல் எந்த மாவட்டத்தில் எந்த மாதத்தில் புகை மிகுந்திருந்தது என்பதைச் செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து அறிந்தார். அக்காலத்தில் கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் இருந்தவர்கள் கணக்கில் எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டார். ஏறத்தாழ 15,600 குழந்தைகள் கணக்கில் இல்லை. ஏழை வட்டாரங்களில் இழப்பு மிகுதியாக இருந்தது. இறப்புப் பதிவேடு சொல்லாததை, பிள்ளைகள் இல்லாத வெற்றிடம் சொல்லியது.

பிழைத்தவர்களிலும் சுவடு உண்டு. 1997-இல் தாயின் வயிற்றில் புகையை எதிர்கொண்டோர் 17 வயதில், இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடிய உயரத்தைவிட 3 சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமாகக் குள்ளமாக இருந்தனர் என 2019-இல் வந்த ஆய்வு கண்டது. 2015-ஆம் ஆண்டின் புகைமூட்டம் மூன்று நாடுகளிலும் ஏறத்தாழ 1,00,300 பேரின் முன்கூட்டிய இறப்புக்குக் காரணமாகியிருக்கலாம் என அமெரிக்காவின் ஹார்வர்ட், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித்தனர். அவர்களுள் 91,600 பேர் இந்தோனேசியர். 6,500 பேர் மலேசியர். 2,200 பேர் சிங்கப்பூரர். இது கணினி மாதிரியின் மதிப்பீடு. அரசுகள் இதனை ஏற்கவில்லை. எண்ணின் துல்லியம் குறித்து வாதம் இருக்கலாம். ஆயினும் பத்தில் ஒன்பது பங்கு இழப்பு இந்தோனேசிய மக்களுடையது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். புகையை நமக்கு 'அனுப்புவோர்' என்று நாம் எண்ணும் அந்நாட்டு மக்களே அதில் மிகுதியாக மூழ்குகிறார்கள். அதுபோல நம் நாடுகளிலும் குளிரூட்டிய அறையில் இருப்போரைவிட, திறந்தவெளியில் செம்பனைக் குலை வெட்டுவோரும் சாலை போடுவோரும் கட்டுமானப் பணியாளரும் மிகுதியான புகையைச் சுவாசிக்கிறார்கள்.

சட்டமும் எல்லையும்

காற்றுக்கு எல்லை இல்லை, சட்டத்துக்கு உண்டு. இந்த இடைவெளியை நிரப்ப ஆசியான் நாடுகள் 2002 ஜூன் 10 அன்று கோலாலம்பூரில் எல்லை கடந்த புகைமூட்ட மாசு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2003 நவம்பரில் அது நடப்புக்கு வந்தது. பெருந்தீக்கள் எரியும் இந்தோனேசியாவோ 2014 செப்டம்பரில்தான் அதற்கு நாடாளுமன்ற ஒப்புதல் அளித்தது. உடன்பாட்டை மீறுவோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. அதே 2014-இல் சிங்கப்பூர் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. சிங்கப்பூரில் புகைமூட்டத்தை உண்டாக்கும் நிறுவனம் எந்த நாட்டில் இயங்கினாலும், நாளொன்றுக்கு 1,00,000 வெள்ளி வரையிலும் மொத்தம் 20 இலட்சம் வெள்ளி வரையிலும் அதற்கு அபராதம் விதிக்க அச்சட்டம் வழிசெய்தது. வேறு நாட்டு மண்ணில் சான்று திரட்டுவது எளிதன்று என்பதையும் அனுபவம் காட்டியது.

சட்டங்கள் எழுதப்பட்ட பின்னரும் 2015 வந்தது. இந்தோனேசியாவில் 26 இலட்சம் ஹெக்டேர் எரிந்து, 1,610 கோடி அமெரிக்க டாலர் இழப்பு ஏற்பட்டதாக உலக வங்கி கணக்கிட்டது. செப்டம்பர் 25 அன்று சிங்கப்பூரின் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் மூடப்பட்டன. மலேசியாவிலும் பல நாள் பள்ளிகள் மூடியிருந்தன. 2016 ஜனவரியில் அதிபர் ஜோக்கோ விடோடோ கரிச்சதுப்பு மீட்பு அமைப்பொன்றை நிறுவினார். வாய்க்கால்களை அடைத்து நிலத்தில் மீண்டும் நீரைத் தேக்குவது அதன் முதன்மைப் பணி. நோயின் வேரைத் தொட்ட நடவடிக்கை இது. மத்தியக் கலிமந்தானின் பாலங்கராயா நகரத்துக் குடிமக்கள் தூய காற்றுக்கான உரிமை கோரித் தங்கள் அரசின்மீதே வழக்குத் தொடுத்தனர். 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை அவர்கள் வென்றனர். 2022-இல் மறுஆய்வில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. ஆயினும் புகை விதியன்று, கேட்டுப் பெறவேண்டிய உரிமை மீறப்பட்டதன் விளைவு என்று அவர்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்துவிட்டனர்.

2019 செப்டம்பரில் சுமத்ராவின் ஜம்பி மாநிலத்தில் நண்பகல் வானம் செந்நிறமானது. காற்றில் மிகுந்திருந்த நுண்துகள்கள் சூரிய ஒளியைச் சிதறச் செய்ததே காரணம் என வானிலையாளர்கள் விளக்கினர். எல் நினோ வரும் ஆண்டுகள் இனியும் உண்டு. உலர்ந்த சதுப்பும் இன்னும் உண்டு.

வகுப்பறைக்கு

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துச்செல்லத் தக்கவை சில உள்ளன. காற்று மாசு என்பது அறிவியல் பாடத்தின் ஒரு தலைப்பாக மட்டும் நின்றுவிடலாகாது. அது நில வரலாறு, தொழிலாளர் வரலாறு, சட்ட வரலாறு. தோட்டப்புறத்தில் வாழ்ந்த பாட்டன் பாட்டியரிடம் காடு எரிந்த காலத்தையும் புகைக்கூடத்து வேலையையும் கேட்டு எழுதிவைப்பது மாணவர் செய்யக்கூடிய ஆய்வு. பள்ளி வாயிலில் நின்று, தொலைவில் உள்ள எந்தக் கட்டடம் வரை இன்று தெரிகிறது என்று நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அன்றைய குறியீட்டோடு ஒப்பிடலாம். வானூர்தி நிலையப் பணியாளர்கள் செய்தது இவ்வளவுதான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அக்குறிப்புகளே உண்மையை நிலைநாட்டின.

மொழியிலும் நாம் விழிப்பாக இருக்கலாம். 'புகைமூட்டம் வந்தது' என்று எழுதும்போது, புகை தானாகவே வந்துவிடுகிறது. 'நிலத்தை எரித்தார்கள்; புகை மூடியது' என்று எழுதும்போது, யார், எங்கே, எதற்காக என்னும் கேள்விகள் தாமே எழுகின்றன. எழுவாய் உள்ள வாக்கியத்தில் பொறுப்பும் இருக்கும். அத்தகைய வாக்கியங்களை எழுதக் கற்றுக்கொடுப்பது தமிழாசிரியரின் பணி. அக்கேள்விகளை விடாது கேட்பது மாணவரின் பணி.